நடுநிலைக் காரியங்கள் எவை?
தூய்மையாளர் விவாதமும் திருச்சி, தஞ்சைச் சபைகளின் வழக்கும்

திருச்சபையின் பெரும் பிளவுகள் யாவும் பெரும் உபதேசங்களைக் குறித்தே எழுந்தன என்று நாம் எண்ணிவிடுவதுண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஓர் அங்கியைக் குறித்தும், முழங்காற்படியிடுவதைக் குறித்தும், ஆலயத்தில் எவர் எங்கே அமர்வது என்பதைக் குறித்தும் சபைகள் பிளவுண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட வழக்குகளுக்கெல்லாம் அடியில் ஒரே கேள்வி நிற்கிறது. தேவன் கட்டளையிடவும் இல்லை, விலக்கவும் இல்லை என்று கருதப்படும் காரியங்களில் சபை என்ன செய்யவேண்டும்? இவற்றைப் பண்டைய கிரேக்கர் அடியஃபோரா என்றனர். நாம் இவற்றை நடுநிலைக் காரியங்கள் என்று அழைக்கலாம். இங்கிலாந்தின் தூய்மையாளர், அதாவது பியூரிட்டானியர், நூறாண்டுக்கு மேலாக இக்கேள்வியோடு போராடினர். அதே கேள்வி 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் சாதி என்னும் வடிவில் எழுந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அங்கியைக் குறித்த விவாதம்

1550ஆம் ஆண்டில் ஜான் ஹூப்பர் என்பவர் குளோஸ்டரின் பேராயராக நியமனம் பெற்றார். பேராயருக்குரிய அங்கிகளை அணிந்து அபிஷேகம் பெற அவர் மறுத்தார். திருமறையில் ஆதாரமில்லாததும் சபையின் பக்திவிருத்திக்கு உதவாததுமான ஒன்றை அதிகாரத்தினால் கட்டாயமாக்கினால், அது நடுநிலைக் காரியமாக இருப்பதற்கில்லை என்பது அவர் வாதம். இலண்டன் பேராயர் நிக்கொலாஸ் ரிட்லி இதனை மறுத்தார். அங்கி தன்னில்தானே நன்மையுமன்று, தீமையுமன்று. ஆகவே ஒழுங்கின் பொருட்டு முறையான அதிகாரம் அதனை விதிக்கலாம் என்றார். ஹூப்பர் சிறையில் வைக்கப்பட்டு, பின்னர் இணங்கி, 1551ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அபிஷேகம் பெற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, அரசி மேரியின் ஆட்சியில், 1555ஆம் ஆண்டில் இருவருமே சீர்திருத்த விசுவாசத்திற்காகத் தீக்கிரையாயினர். அங்கியைக் குறித்து மாறுபட்ட இருவர் சுவிசேஷத்தைக் குறித்து ஒருமனப்பட்டு மாண்டது நாம் மறக்கலாகாத செய்தி.

அரசி எலிசபெத்தின் காலத்தில் இவ்விவாதம் மீண்டும் எழுந்தது. 1566ஆம் ஆண்டில் தலைமைப் பேராயர் மத்தேயு பார்க்கர் வெண்ணங்கி முதலியவற்றைக் கட்டாயமாக்கியபொழுது, இலண்டன் ஆயர்களில் 37 பேர் கையொப்பமிட மறுத்துப் பணியிலிருந்து நிறுத்தப்பட்டனர். தூய்மையாளர் என்ற பெயர் இக்காலத்திலேயே வழங்கத் தொடங்கியது. ஞானஸ்நானத்தில் சிலுவை அடையாளம், திருமணத்தில் மோதிரம், திருவிருந்தை முழங்காற்படியிட்டுப் பெறுதல் ஆகியனவும் பின்னர் வழக்கிற்கு வந்தன. 1662ஆம் ஆண்டின் ஒருமைப்பாட்டுச் சட்டத்தோடு முடிந்த அந்நாட்களில் ஏறக்குறைய 2,000 ஊழியர்கள் தங்கள் சபைகளை இழந்தனர். கிடர்மின்ஸ்டரில் வீடுதோறும் சென்று உபதேசித்துச் சபையைக் கட்டியெழுப்பிய ரிச்சர்டு பாக்ஸ்டரும் இங்கிலாந்து திருச்சபையின் ஊழியத்தை விட்டு வெளியேறினார். முறையான உத்தரவின்றிப் பிரசங்கித்த ஜான் பனியன் 1660 முதல் 1672 வரை பெட்போர்டு சிறையில் இருந்தார்.

தூய்மையாளரின் தாக்கம் ஒன்று இங்கே தெளிவாகிறது. ஒரு காரியம் தன்னில்தானே நடுநிலையானதா என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. அது யார்மேல் சுமத்தப்படுகிறது? யாருடைய மனச்சாட்சி அதனால் காயப்படுகிறது? ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தையும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தையும் திறந்து வைத்துக்கொண்டே அவர்கள் இவ்வாறு கேட்டனர்.

2. ஜெர்மானிய நாட்டில் இதே கேள்வி

இவ்விவாதம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. 1548ஆம் ஆண்டில் பேரரசனின் நெருக்கத்தினால் சாக்சனி நாட்டில் லைப்சிக் இடைக்கால ஒழுங்கு என்ற உடன்பாடு வகுக்கப்பட்டது. பழைய சடங்குகள் சிலவற்றை நடுநிலைக் காரியங்களென மீண்டும் ஏற்கலாம் என்று மெலாங்க்தன் கருதினார். மத்தியாஸ் பிளாசியுஸ் கடுமையாக எதிர்த்தார். விசுவாசத்தை அறிக்கையிடவேண்டிய வேளையிலும், பிறருக்கு இடறல் உண்டாகும் இடத்திலும் எதுவும் நடுநிலைக் காரியமன்று என்பது அவருடைய நிலை. 1577ஆம் ஆண்டின் ஒருமைப்பாட்டு வாய்ப்பாடு தன் பத்தாம் பகுதியில் அடிப்படையில் இந்நிலையையே ஏற்றுக்கொண்டது. ஆகவே லுத்தரன் சபையின் அறிக்கை நூல்களுக்குள்ளேயே இந்த அளவுகோல் அமைந்திருக்கிறது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் தோன்றிய பக்தி இயக்கத்தார் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். நடனம், நாடகம், சீட்டாட்டம் ஆகியவை நடுநிலையானவை என்று வைதிக லுத்தரன் இறையியலார் கூற, இயக்கத்தார் மறுத்தனர். மனிதன் செய்யும் ஒவ்வொரு செயலும் ஒன்று விசுவாசத்தினால் வருவது, அன்றேல் பாவம். இடைப்பட்ட நிலம் இல்லை என்றனர். இவர்கள் நடுவில் தூய்மையாளரின் நூல்கள் மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்தன. லூயிஸ் பெய்லியின் பக்திமுயற்சி நூல் 1628ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் மொழிக்கு வந்துவிட்டது. இயக்கத்தின் தந்தையாகிய ஸ்பேனர் இளமையில் அத்தகைய ஆங்கில நூல்களால் வளர்க்கப்பட்டவர். அவர்வழி வந்த பிராங்கே ஹாலே நகரில் அமைத்த நிறுவனங்களிலிருந்தே நம் நாட்டின் முதல் புராட்டஸ்டாண்டு மிஷனெரிமார் புறப்பட்டனர்.

3. ஹாலேயிலிருந்து திருச்சிக்கு

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினர். அவர்கள் கொண்டுவந்த பக்தி வாழ்க்கை கண்டிப்பானது. ஆயினும் சாதியைப் பொறுத்தமட்டில் அங்கே வேறொரு முறை வேரூன்றியது. ஆலயத்தில் அன்று சூத்திரர் என வழங்கப்பட்ட வகுப்பார் ஒருபுறமும், பறையர் வகுப்பிலிருந்து வந்தோர் வேறொருபுறமும் அமர்ந்தனர். திருவிருந்தில் முன்னவர் முதலில் வந்தனர். தஞ்சை நாட்டில் பெருந்தொண்டாற்றிய உபதேசியார் இராஜநாயக்கன் பறையர் வகுப்பில் பிறந்தவர். அவருக்குக் குருப்பட்டம் அளிப்பதைக் குறித்து மிஷனெரிமார் ஆலோசித்தனர். பிற வகுப்பார் அவர் கையால் திருவிருந்து பெறமாட்டார்கள் என்ற அச்சம் மேலோங்கிற்று. 1741ஆம் ஆண்டில் தியோகு என்பவர் குருப்பட்டம் பெற்றார். இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே உழைத்தார்.

சீட்டாட்டத்தையும் நடுநிலைக் காரியமென ஏற்காத ஒரு மரபு, திருவிருந்தில் மனிதரை வகுத்து நிறுத்தியதை நடுநிலைக் காரியமென ஏற்றது எங்ஙனம்? இதுவே இவ்வரலாற்றில் நம்மைத் திகைக்கச் செய்யும் முடிச்சாகும். தங்கள் நாட்டுப் பாவங்களை அவர்கள் தெளிவாக அறிந்திருந்தனர். இந்நாட்டின் ஏற்றத்தாழ்வையோ ஐரோப்பாவின் அந்தஸ்து வேறுபாட்டைப் போன்ற உலகியல் ஒழுங்கு என்று எண்ணினர். அப்படி எண்ணுமாறு அவர்களுக்கு எடுத்துரைத்தவர்களும் பெரும்பாலும் மேல்வகுப்புச் சபையாரே.

சுவார்ட்ஸ் ஐயர் 1762ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். மலைக்கோட்டையின் அடியில், தெப்பக்குளத்தை அடுத்து, 1766ஆம் ஆண்டில் கிறிஸ்து ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1778ஆம் ஆண்டில் அவர் தஞ்சைக்கு இடம் பெயர்ந்தபின், போலே ஐயர் 1818ஆம் ஆண்டில் மரிக்கும்வரை திருச்சிச் சபையை மேய்த்தார். சுவார்ட்ஸ் ஐயர் சாதிப் பெருமையைப் பாராட்டியவரல்லர். ஆனால் கட்டாயத்தினால் அதனை ஒழிக்க முயலவுமில்லை. போதனையாலும் பொறுமையாலும் காலப்போக்கில் அது தேய்ந்துவிடும் என்று நம்பினார். 1798ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின்னும் அது தேயவில்லை.

4. தஞ்சைச் சபையின் நான்கு குறைகள்

1825ஆம் ஆண்டை ஒட்டிப் பழைய ஹாலே மிஷன் சபைகள் இங்கிலாந்து திருச்சபையின் சுவிசேஷப் பரவுதற் சங்கத்தின் கீழ் வந்தன. இளைய மிஷனெரிமார் பழைய முறைகளை மாற்றத் தொடங்கினர். தஞ்சைச் சபையார், அவர்களுள் சிறப்பாக சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், இதனை எதிர்த்து எழுதினர். அவர்கள் முறையிட்ட கொடுமைகள் நான்கு. பப்ரிசியுஸ் ஐயரின் வேதமொழிபெயர்ப்பை அகற்றி ரேனியஸ் ஐயரின் திருத்தத்தைப் புகுத்தியது ஒன்று. சாதிகளை ஒன்றாகக் கலக்க வற்புறுத்தியது இரண்டு. திருமணம், அடக்கம் முதலியவற்றில் மலர்களை விலக்கியது மூன்று. ஆராதனையில் தமிழிசைப் பாடல்களைத் தடுத்தது நான்கு. இவ்வழக்கின் முடிவில், 1829ஆம் ஆண்டில், சாஸ்திரியார் தம் மிஷன் பணியை இழந்தார்.

இந்நான்கையும் ஒரு தூய்மையாளர் கண்டிருந்தால் தம் நாட்டு விவாதம் தமிழ் உடையில் நிற்கிறது என்றே கருதியிருப்பார். வேதமொழிபெயர்ப்பு, சடங்கு, அலங்காரம், இசை ஆகிய அனைத்தும் அங்கும் வழக்கில் இருந்தவையே. ஆனால் இங்கே இருதரப்பாரும் ஒரே பிழையைச் செய்தனர் என்பது நம் துணிவு. மலரும் பாட்டும் சாதியும் ஒரே வகையைச் சேர்ந்தவை என இருசாராரும் கொண்டனர். மிஷனெரிமார் நான்கையும் பழைய சமயத்தின் எச்சமெனக் கண்டு களைய முற்பட்டனர். சாஸ்திரியார் தரப்பினர் நான்கையும் முன்னோரின் சுதந்தரமெனக் கண்டு காக்க முற்பட்டனர்.

மணமகளின் தலையில் சூடிய மல்லிகை எவரையும் தாழ்த்தவில்லை. தமிழ்ப் பண்ணில் அமைந்த கீர்த்தனை எந்தச் சகோதரனையும் ஆலயத்தின் பின்புறத்திற்குத் தள்ளவில்லை. அவை மெய்யாகவே நடுநிலைக் காரியங்கள். அவற்றைத் தடுக்க எந்த மிஷனெரிக்கும் உரிமை இல்லை. சாஸ்திரியாரின் பாடல்கள் இன்றும் நம் சபைகளில் பாடப்படுவதே இதற்குச் சான்று. திருவிருந்துப் பந்தியில் முந்தியவர், பிந்தியவர் என்ற பிரிவோ கிறிஸ்துவின் சரீரத்தையே பிரிப்பது. இவற்றை வேறுபடுத்திக் காண அன்று ஒருவரும் முன்வராதது நமக்கு நேர்ந்த பெருநஷ்டம். நல்ல இசைக்காகப் போராடியவர்கள் சாதிக்காகவும் போராடினர். சாதியை எதிர்த்தவர்கள் இசையையும் எதிர்த்தனர்.

5. ஹீபரும் வில்சனும்

1826ஆம் ஆண்டில் பேராயர் ரெஜினால்டு ஹீபர் தென்னாட்டிற்கு வந்தபொழுது இவ்வழக்கு அவர் முன் வைக்கப்பட்டது. அவர் கடுந்தீர்ப்பு வழங்க விரும்பவில்லை. சாதியில் சமயக்கூறு எவ்வளவு, உலகியல் கூறு எவ்வளவு என்று விசாரித்தறிய முற்பட்டார். தம் விசாரணை முடியுமுன்னே, அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் நாள், திருச்சிக் கோட்டைச் சபையாருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்திவிட்டுத் திரும்பி, நீராடுகையில் உயிர் நீத்தார். அவருடைய உடல் திருச்சித் தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் பெற்றது.

1832ஆம் ஆண்டில் கல்கத்தாவின் பேராயராக வந்த டேனியல் வில்சன் வேறு வார்ப்பினர். அவர் இஸ்லிங்டனில் ஆயராக இருந்தபொழுது, பாக்ஸ்டர் 1656ஆம் ஆண்டில் வெளியிட்ட மேய்ப்பர் பணி நூலின் புதிய பதிப்பிற்கு முன்னுரைக் கட்டுரை எழுதியவர். ஆயன் தன் மந்தையின் ஒவ்வோர் ஆத்துமாவையும் அறியவேண்டும். வெளிப்படையான பாவத்தைக் கண்டித்துச் சபை ஒழுங்கை நடைமுறைப்படுத்தவேண்டும் என்பது அந்நூலின் சாரம். 1833ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வில்சன் தென்னாட்டு மிஷன்களுக்கு ஒரு நிருபம் அனுப்பினார். சாதி வேறுபாடு சபையிலிருந்து உடனடியாகவும் முற்றாகவும் அகலவேண்டும் என்று அதில் பணித்தார். ஓர் ஆங்கிலப் பேராயரின் கட்டளையில் தூய்மையாளரின் ஒழுக்கக் குரல் ஒலித்தது என்று நாம் கூறலாம். பாக்ஸ்டரை வெளியேற்றிய அதே திருச்சபையின் பேராயர் பாக்ஸ்டரின் வழிவந்த கண்டிப்போடு திருச்சிக்கும் தஞ்சைக்கும் எழுதினார்.

நிருபம் வாசிக்கப்பட்ட இடங்களிலெல்லாம் சபையார் பலர் வெளியேறினர். 1835ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வில்சன் தாமே தஞ்சைக்கும் திருச்சிக்கும் வந்து எடுத்துரைத்தார். சிலர் திரும்பினர், பலர் மனம் மாறவில்லை. மேல்வகுப்பார் கூறிய மறுமொழியில் ஒரு கூர்மை இருந்ததையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். இங்கிலாந்தின் ஆலயங்களில் செல்வர்கள் பணம் கொடுத்துத் தனி இருக்கைகளை வைத்திருந்த காலம் அது. நாடாளும் இனத்தார் நம்மவரோடு ஒரே மேசையில் உண்ணவுமில்லை. பிறர் கண்ணிலுள்ள துரும்பைக் கண்டவர்கள் தங்கள் கண்ணிலுள்ள உத்திரத்தைக் காணவில்லை. ஆயினும் ஒருவருடைய உத்திரம் மற்றவருடைய துரும்பை நியாயமாக்கிவிடாது.

அதே 1835ஆம் ஆண்டில் நெல்லையில் நடந்ததும் இங்கே கருதத்தக்கது. சாதியை வன்மையாக எதிர்த்த ரேனியஸ் ஐயர், இங்கிலாந்து திருச்சபையின் குருப்பட்ட முறையையும் ஒழுங்குகளையும் விமரிசித்து எழுதியதன் விளைவாகத் தம் சங்கத்தாரால் விலக்கப்பட்டார். நெல்லைச் சபையும் சில ஆண்டுகள் பிளவுண்டிருந்தது. தூய்மையாளரின் பழைய வழக்கு இம்முறை நேரடியாகவே தமிழ்நாட்டிற்கு வந்துவிட்டது.

6. லைப்சிக் மிஷனும் மதுரை மிஷனும்

1840ஆம் ஆண்டை ஒட்டிக் கார்டெஸ் ஐயர் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் லைப்சிக் மிஷன் எனப் பெயர்பெற்ற லுத்தரன் பணி அவரோடு தொடங்கியது. வில்சனின் கட்டளைக்கு இணங்காத தஞ்சை, திருச்சிக் கிறிஸ்தவர் பலர் தங்கள் பழைய லுத்தரன் மரபைக் காரணங்காட்டி அதன்பால் திரும்பினர். மிஷனின் இயக்குநர் கார்ல் கிராவுல், திருக்குறளை ஜெர்மன் மொழியிலும் இலத்தீனிலும் பெயர்த்த தமிழறிஞர். 1849 முதல் 1853 வரை அவர் நம் நாட்டுப் பகுதிகளில் பயணஞ்செய்தார். சாதி முதன்மையாக ஒரு சமுதாய அமைப்பு. சுவிசேஷம் புளித்தமாவைப்போல் உள்ளிருந்து அதனை மாற்றவேண்டும். சட்டத்தினால் மாற்றலாகாது என்பது அவர் கொள்கை. 1850ஆம் ஆண்டில் சென்னை மிஷனெரி மாநாடு சாதியை விடாதவரைச் சபையில் ஏற்கலாகாது என்று தீர்மானித்தபொழுது, லைப்சிக் மிஷன் அதனோடு இணங்கவில்லை.

திருச்சியிலிருந்து தெற்கே மருங்காபுரிச் சீமையைக் கடந்து சென்றால் மதுரை. அங்கே 1834ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மிஷன் பணியாற்றியது. அதன் ஊழியர்களில் பெரும்பாலோர் நியூ இங்கிலாந்தில் குடியேறிய தூய்மையாளரின் வழிவந்த சபைகளைச் சேர்ந்தவர்கள். 1847ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு சோதனையை வகுத்தனர். சபையாரும் உபதேசிமாரும் வகுப்பு வேறுபாடின்றி ஒன்றாக அமர்ந்து உண்ணவேண்டும் என்றனர். மறுத்த பலர் நிறுத்தப்பட்டனர். இவ்வாறு ஒரே சாலையின் இருமுனைகளில் இருவேறு முறைகள் நிலவின. ஒருபுறம் காலத்திற்குக் காத்திருக்கும் பொறுமை; மறுபுறம் உடனே தீர்வு காணும் கண்டிப்பு.

கிராவுலின் பொறுமைக்கும் ஓர் அடிப்படை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. கட்டாயத்தினால் பிறக்கும் சமத்துவம் ஆலயவாசலோடு நின்றுவிடும் என்று அவர் அஞ்சியது வீணாகவில்லை. ஆனால் அவருடைய சபையின் அறிக்கை நூலே இடறல் உண்டாகும் இடத்தில் நடுநிலைக் காரியம் இல்லை எனக் கூறியிருந்தது. இடறல் யாருக்கு உண்டாயிற்று என்ற கேள்வி எழுந்தபொழுது, வெளியேறிவிடுவார்கள் என்று அஞ்சப்பட்ட மேல்வகுப்பாரே பலவீன சகோதரராகக் கருதப்பட்டனர். பின்னால் அமர்த்தப்பட்டவர்களின் இடறல் கணக்கில் வரவில்லை. இம்மிஷனுக்குள்ளேயே ஓக்ஸ் ஐயர் இதனைச் சகியாமல் விலகி, 1861ஆம் ஆண்டில் மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷன் பணியைத் தொடங்கினார்.

7. நாம் கற்கவேண்டியது

இன்று திருச்சியில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையகமும், தென்னிந்தியத் திருச்சபையின் திருச்சி-தஞ்சைத் திருமண்டலத்தின் பேராலயமும் ஒரே நகரில் நிற்கின்றன. அன்றைய வழக்காளிகளின் சந்ததியார் இவ்விரு சபைகளிலும் உள்ளனர். இரு சபைகளும் சாதியைப் பாவமென்று பிரசங்கிக்கின்றன. ஆயினும் திருமண ஏற்பாட்டிலும், சபைத் தேர்தல்களிலும், தமிழகத்தின் சில இடங்களில் கல்லறைத் தோட்டங்களிலும் பழைய பிரிவு வாழ்கிறது என்பதை நம்மில் யார் அறியாதவர்? இவை சமுதாய வழக்கம், சபைக்குரிய காரியமல்ல என்று நாம் கூறும்பொழுதெல்லாம் அதே பழைய வாதத்தையே நாம் மீண்டும் எடுத்தாளுகிறோம்.

ஹூப்பரும் பிளாசியுஸும் விட்டுச்சென்ற அளவுகோலை நாம் சுருக்கிக் கூறலாம். ஒரு காரியம் நடுநிலையானதா என்பதை அதனால் நன்மை பெறுவோர் தீர்மானித்தல் ஆகாது. அதன் பாரத்தைச் சுமப்பவரைக் கேட்டே தீர்மானிக்கவேண்டும். தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் மிஷனெரிமார் எழுதினர், பேராயர்கள் எழுதினர், சாஸ்திரியாரும் எழுதினார். ஆலயத்தின் பின்புறம் அமர்ந்திருந்தவரிடம் இது உனக்கு நடுநிலைக் காரியமா என்று கேட்டு முடிவுசெய்த சங்கம் ஒன்றையும் நாம் அவ்வேடுகளில் காணவில்லை. இராஜநாயக்கனைப் போன்றோர் தங்கள் உழைப்பினாலேயே அதற்கு விடை கூறிச் சென்றனர்.

இவ்வளவுகோல் இருபுறமும் வெட்டும். எவரையும் தாழ்த்தாத பண்பாட்டுக் கூறுகளை, மலரையும் இசையையும் மொழியையும், சபை மனமுவந்து காக்கவேண்டும். ஒருவரை மற்றவருக்குக் கீழாக நிறுத்தும் எதனையும், அது எவ்வளவு பழமையானதாயினும், சிறியதாயினும், நடுநிலைக் காரியமெனப் பெயரிட்டு ஒதுக்கி வைக்கலாகாது. அந்தியோகியாவில் பேதுரு பந்தியிலிருந்து விலகியபொழுது, அதனைச் சாப்பாட்டுக் காரியமென்று பவுல் விட்டுவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியமே அங்கே வழக்கிலிருப்பதாகக் கண்டார். ஊழியத்திற்கு ஆயத்தமாகும் நாமும், நம் சபைகளில் இதெல்லாம் சிறு காரியம் என்று சொல்லப்படும் இடத்தில் சற்று நின்று, அது யாருக்குச் சிறிது என்று கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.